சட்டத்தின் முன் சமம்... காவல் நிலையத்தின் முன்?

சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது அரசியலமைப்பின் 14-வது பிரிவு. பள்ளிப் பாடப்புத்தகத்திலேயே வந்துவிடும் விஷயம்தான். ஆனால் ஒரு ஏழைக்கு சட்டம் என்பது உச்ச நீதிமன்றமா? இல்லை. பக்கத்தில் இருக்கும் காவல் நிலையமும், அங்கே எழுதப்படும் முதல் தாளும்தான்!

வேப்பூர் கூட்டுரோட்டிலிருந்து கிழக்கே போனால் விருத்தாசலம். பீங்கான் பொம்மைகளுக்குப் பேர் போன ஊர். அந்த வட்டாரத்தில் நடந்த இரண்டு வழக்குகளைப் பார்த்தாலே இது புரியும்.

முதலாவது, 1993. முதனை கிராமத்து ராஜாகண்ணுவை திருட்டுச் சந்தேகத்தில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டு போனார்கள். பிறகு அவர் தப்பி ஓடிவிட்டதாகக் காவல்துறை எழுதி வைத்தது. மனைவி பார்வதி நம்பவில்லை. அப்போது வழக்கறிஞராக இருந்த கே.சந்துரு மூலம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். பக்கத்து மாவட்டத்தில் அடையாளம் தெரியாமல் கிடந்த சடலம் ராஜாகண்ணுவுடையது என்பது பிறகுதான் வெளியே வந்தது. காவலர்களுக்குத் தண்டனை கிடைத்தது 2006-ல். இந்தக் கதைதான் 2021-ல் 'ஜெய்பீம்' படமானது.

இரண்டாவது, 2003. புதுக்கூரைப்பேட்டையைச் சேர்ந்த முருகேசன், கண்ணகி இருவரும் பட்டதாரிகள். அவர் தலித், இவர் வன்னியர். மே மாதம் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். சட்டம் அந்தக் கல்யாணத்தை ஏற்றுக்கொண்டது, ஊர் ஏற்கவில்லை. ஜூலையில் இருவருக்கும் விஷம் புகட்டிக் கொன்று எரித்துவிட்டார்கள்.

இங்கேயும் முதல் தாளில்தான் கோளாறு. மகனைப் பறிகொடுத்த குடும்பத்தின் புகாரை வாங்காமல், இரு சாதியினரும் சேர்ந்து செய்த கொலை போல வழக்கு எழுதப்பட்டது. 2004-ல் உயர் நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.க்கு மாற்றியது. கடலூர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2021 செப்டம்பரில். 13 பேர் குற்றவாளிகள், அதில் இரண்டு பேர் காவல்துறையினர்! கடைசியாக 2025 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. கொலை நடந்து கிட்டத்தட்ட 22 வருடம்.

நீதி கிடைத்ததே என்று சந்தோஷப்படலாம். ஆனால் பொய்யாக எழுதிய ஒரு தாளைத் திருத்த எத்தனை வருடம் பாருங்கள்! அதுவரை விடாமல் நின்றது யார்? கணவனை இழந்த பெண்ணும், மகனை இழந்த தகப்பனும். ஒரு வழக்கறிஞர் கிடைக்காமல் போயிருந்தால்? சாட்சிகளைப் போல அவர்களும் சோர்ந்து போயிருந்தால்?

அதனால்தான் 2015-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் செய்த திருத்தம் முக்கியமானது. புகாரைப் பதிவு செய்ய வேண்டும். வாய்மொழியாகச் சொன்னதை எழுதினால், கையெழுத்து வாங்கும் முன் படித்துக் காட்ட வேண்டும். நகல் கொடுக்க வேண்டும். இந்தக் கடமைகளை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கு (அவர் தலித்தோ பழங்குடியோ அல்லாதவராக இருந்தால்) 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை. கைது செய்து தண்டிக்கக் கூடிய குற்றம் என்று தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது.

படித்துக் காட்டுவது, நகல் கொடுப்பது... கேட்க சின்ன விஷயங்கள்தான். ஆனால் சமத்துவம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. சட்டம் படித்தவர்கள் மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. காவல் நிலையத்துக்குப் போகும் ஒவ்வொருவரும் "அய்யா, எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க, ஒரு நகல் குடுங்க" என்று பயமில்லாமல் கேட்கும் நாள் வர வேண்டும்.