பழைய கணினியை விற்கும் முன்

 

நமது மதரஸாவின் அலுவலக அறையில் 2012-ஆம் ஆண்டு வாங்கப்பட்ட கணினி ஒன்று உள்ளது. புதியதொன்று வாங்குவதற்கு நன்கொடை சேர்ந்துவிட்டபடியால், இதனை விற்றுவிடலாமா என்ற பேச்சு சென்ற ஆண்டு நிர்வாகக் கூட்டத்தில் எழுந்தது. பழைய பொருள் வாங்கும் வியாபாரி ஒருவர், மானிட்டர், விசைப்பலகை எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய் தருவதாகச் சொல்லியிருந்தார். வந்த விலைக்குத் தள்ளிவிடுவோம் என்றனர் சிலர். ஓடுகிற பொருளை ஏன் விற்க வேண்டும் என்றனர் வேறு சிலர். இறுதியில், ‘ஹஜரத் பார்த்துச் சொல்லட்டும்’ என்று பொறுப்பு நம்மிடம் வந்து சேர்ந்தது.

கூட்டத்தில் பேசப்பட்டது விலை மட்டுமே. ஆனால் பொறுப்பை ஏற்றபின் நம் மனத்தில் முதலில் எழுந்தது, அது யாருடைய பொருள் என்ற கேள்விதான்.

அதனை வாங்கித் தந்தவர் நம் ஊரைச் சேர்ந்த ஒரு காக்கா. பல்லாண்டுகளாக ஷார்ஜாவில் பணிபுரிபவர். அவர் அதனை வக்ஃப் செய்தாரா, மதரஸாவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தாரா என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறும். வக்ஃபுப் பொருளை விற்கும் விஷயத்தில் நமது ஷாஃபிஈ மத்ஹபு மிகவும் கண்டிப்பானது. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ நூலில் பள்ளிவாசலின் பாய்களைப் பற்றி ஒரு சட்டம் உண்டு. பாய் நைந்துபோய், அல்லது மரம் முறிந்துபோய், எரிப்பதற்கன்றி வேறெதற்கும் உதவாது என்ற நிலை வந்துவிட்டால் அதனை விற்கலாம் என்பதே அங்கு வலுவான கருத்தாகக் கூறப்படுகிறது. ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் பாய்க்கு எழுதப்பட்டது, இன்று கணினிக்கும் வழி காட்டுகிறது. அன்பளிப்பாக வந்து மதரஸாவின் உடைமையாகிவிட்ட பொருளாயின், அதன் நலன் கருதி நிர்வாகம் விற்பதற்கு இடம் உண்டு. ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றும் ஊர்களில் தத்தம் ஆலிம்களிடம் விவரம் கேட்டுக்கொள்வது நலம்.

காக்காவைத் தொலைபேசியில் அழைத்து, “அன்னைக்கு என்ன நிய்யத்துல கொடுத்தீங்க காக்கா?” என்று கேட்டோம்.

“வக்ஃபுன்னு நினைக்கல ஹஜரத். மதரஸாவுக்குக் கொடுத்தாச்சு, இனி அது மதரஸா பொருள். பிள்ளைகளுக்கு எது பிரயோஜனமோ அதைச் செய்ங்க” என்றார்.

இக்கேள்வி வீடுகளுக்கும் உரியதே. பருவமடையாத பிள்ளைக்கு மாமா அன்பளிப்பாகத் தந்த கணினி அப்பிள்ளையின் சொத்து. வாப்பா அதனை விற்றாலும் அப்பணம் பிள்ளைக்கே உரியது. நம் வீடுகளில் இதனை யாரும் நினைத்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

அடுத்து, அந்தக் கணினி உண்மையிலேயே பயனற்றதாகிவிட்டதா என்று பார்க்க வேண்டியிருந்தது. நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது கடைத்தெருவில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். ஒருநாள் அஸருக்குப் பின் வந்து பெட்டியைத் திறந்தார். இணையப் பக்கங்கள் திறப்பதில்லை என்பதே அலுவலகத்தின் முதல் குறை. அவர் திரையின் மூலையைச் சுட்டிக்காட்டி, “தேதியைப் பாருங்க ஹஜரத்” என்றார். அது 2012 ஜனவரி முதல் நாளைக் காட்டிக்கொண்டிருந்தது. மதர்போர்டில் நாணயத்தைப் போன்ற ஒரு சிறு பேட்டரி இருக்கும். அது தீர்ந்துவிட்டால், மின்சாரம் நிறுத்தப்படும்போதெல்லாம் கணினியின் நாள் பின்னோக்கிப் போய்விடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் தேதி அவற்றுக்கு வெளியே இருந்தால் உலாவி தளத்தைத் திறக்க மறுக்கும். முப்பது, நாற்பது ரூபாய்ப் பேட்டரி தீர்ந்ததற்காக ஒரு கணினியையே ‘பழசு’ என்று ஒதுக்கியவர்கள் நம் ஊரில் எத்தனை பேரோ!

அவ்வப்போது திரையில் ஒன்றும் தெரியாமல் போவதற்குக் காரணம் நம் கடற்காற்று. ரேம் அட்டையின் செம்பொன் நிற விளிம்பில் உப்புக்கறை படிந்திருந்தது. பென்சில் அழிக்கும் ரப்பரால் அதனைத் தேய்த்துத் துடைத்துப் பொருத்தினார், படம் வந்துவிட்டது. மந்தமாக இயங்குவதற்குக் காரணம் ஹார்ட் டிஸ்க். சுழலும் தட்டிலிருந்து தகவலைத் தேடி எடுப்பதால் அதன் வேகம் குறைவு. அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தி, ரேமை 2 ஜி.பி.யிலிருந்து 4 ஜி.பி. கூடுதலாக உயர்த்தினால், தட்டச்சு வேலைகளுக்கு இன்னும் சில ஆண்டுகள் ஓடும் என்றார். எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 2,500 ரூபாய்.

பழுதுபார்த்தாலும் தீராத முதுமை ஒன்றும் உண்டு. அதிலிருந்த விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கோ இன்டெல் செயலிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் வேண்டும். நமது கணினி இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்தது. லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளங்கள் இத்தகைய கணினியிலும் இயங்கும். பழகிக்கொள்ளச் சில நாட்கள் ஆகும், அவ்வளவே. ஆனால் புதுப்பிப்பு நின்றுபோன விண்டோஸில் வங்கிக் கணக்கைத் திறப்பது, தாழ்ப்பாள் உடைந்த வீட்டில் நகையை வைத்துவிட்டு உறங்குவதற்கு ஒப்பாகும்.

“1,800 ரூபாய்க்குப் போற பொருளுக்கு 2,500 ரூபாய் செலவு பண்ணணுமா ஹஜரத்?” என்று பொருளாளர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் செலவை விற்பனை விலையோடு மட்டும் ஒப்பிடுதல் போதாது. அந்தக் கணினி செய்யும் வேலையைச் செய்ய வேறெதை வாங்குவோம், அதற்கு எவ்வளவு ஆகும் என்பதோடும் ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்க்கையில் ஒரு விஷயம் தெளிவாயிற்று. மதரஸாவின் பதின்மூன்றாண்டுத் தேர்வுத் தாள்களும் பாடக் குறிப்புகளும் பேஜ்மேக்கரில், பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. பேஜ்மேக்கரின் ஏழாம் பதிப்பு 2001-இல் வெளிவந்தது. அதுவே கடைசிப் பெரும்பதிப்பு. பாமினியோ ஒருங்குறிக்கு முந்தைய முறை. ஆங்கில ‘எம்’ எழுத்தின் இடத்தில் ‘அ’ அமர்ந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ‘தொழுகையின் ஃபர்ளுகள் யாவை?’ என்ற வினா பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். மாற்றித் தரும் மென்பொருள்கள் உள்ளன. எனினும் அட்டவணைகளும் பக்க அமைப்பும் கலைந்துவிடும். அரபுச் சொற்களுக்கு இடம் விட்டு அச்செடுத்து, அவற்றைக் கையால் எழுதி நகலெடுத்த தாள்கள் அவை. அனைத்தையும் ஒருங்குறிக்கு மாற்றிச் சரிபார்த்து முடிக்கும்வரை இக்கணினிக்கு வேலை இருக்கிறது.

இதுவரை சொன்னவை கூட்டிக் கழித்துப் பார்த்துவிடக்கூடிய விஷயங்கள். அந்த ஹார்ட் டிஸ்கினுள் இருந்தவற்றைப் பார்த்தபோதுதான், 1,800 ரூபாய்க்கு எதனைக் கொடுக்கவிருந்தது நிர்வாகம் என்பது நமக்குப் புலப்பட்டது. பைத்துல்மால் கணக்கும் அதிலேயே எழுதப்பட்டு வந்தது. ஜகாத்தும் ஃபித்ராவும் பெற்ற குடும்பங்களின் பட்டியல் ஆண்டுவாரியாக இருந்தது. மருத்துவ உதவி கேட்டு எழுதிய விண்ணப்பங்கள், ஆதார் நகல்கள், வங்கிக் கணக்கு எண்கள் இருந்தன. கணவன் மனைவி பிணக்குகளில் ஜமாஅத் அமர்ந்து பேசிய விவரங்களும் இருந்தன. பகலில் கடை திறந்து, வெள்ளையுடுத்தி ஜும்ஆவுக்கு வருகின்ற மனிதர் ஒருவரின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் பைத்துல்மால் பொறுப்பாளர் இருவருக்கும் மட்டுமே தெரியும். தர்மத்தை மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது மேலானது என்று அல்பகரா அத்தியாயம் போதிக்கிறது. மறைத்துக் கொடுத்ததைப் பின்னர் ஒரு வியாபாரியின் மேசையில் திறந்து வைப்பது தகுமா?

‘எல்லாவற்றையும் டெலீட் செய்துவிட்டோமே’ என்பார்கள். டெலீட் என்பது நூலின் பொருளடக்கத்திலிருந்து ஒரு வரியை நீக்குவதற்குச் சமம். சுழலும் ஹார்ட் டிஸ்கில், வேறொன்று அதன்மீது எழுதப்படும்வரை பக்கம் அங்கேயே இருக்கும். விரைவு ஃபார்மட்டும் அத்தகையதே. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மீட்பு மென்பொருளைக் கொண்டு ஒரு பள்ளி மாணவன்கூட அதனை எடுத்துவிட முடியும். டிஸ்க் முழுவதிலும் பூஜ்யங்களை எழுதி நிரப்ப வேண்டும். விண்டோஸ் விஸ்டாவும் அதற்குப் பிந்தையவையும் முழு ஃபார்மட் செய்யும்போது இதனைச் செய்கின்றன, மணிக்கணக்கில் ஆகும். இன்னும் எளிய வழி, டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதை விற்பது. வியாபாரி இருநூறு, முந்நூறு ரூபாய் குறைப்பார், குறைக்கட்டும்.

குடும்பத்தினர் இவ்விடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். நிக்காஹ் வீட்டில் பெண்கள் பகுதியில் எடுத்த படங்கள் உங்கள் வீட்டுப் பழைய கணினியில்தானே இருக்கின்றன? வெளியில் செல்லும்போது பர்தாவைப் பேணும் நம் உம்மாவும் லாத்தாவும் அப்படங்களில் வீட்டு உடையில், தலை திறந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அது வீட்டாருக்கான சிரிப்பு. கணினியின் சொந்தக்காரர் வாப்பாவாக இருக்கலாம். அப்படங்கள் அவர் கையில் ஓர் அமானத். பழைய கைப்பேசிகளுக்கும் இதுவே பொருந்தும்.

நாம் விற்கவில்லை என்பதால் எல்லோரும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எண்ண வேண்டாம். விற்பதே சரியான முடிவாகும் இடங்கள் பல. நம் ஊரில் ஒரு வீட்டில், மகளின் கல்லூரிப் படிப்பு முடிந்து நான்காண்டு பழக்கமுள்ள நல்ல மடிக்கணினி பீரோவில் கிடந்தது. ‘பிறகு உதவும்’ என்று உம்மா சொன்னார்கள். கணினி தங்கமன்று, வைக்க வைக்க விலை இறங்கும். இன்று ஒரு மாணவருக்குப் பயன்படக்கூடியது, ஐந்தாண்டு கழித்து எடைக்குப் போகும். பீரோவில் உறங்கவிடுவதும் ஒருவகை வீண்விரயமே என்று சொல்லி, உடனே விற்கச் சொன்னோம். (சொந்த உபயோகத்திற்கான கணினிக்கு ஜகாத் இல்லை, விற்று வந்த பணம் கையிருப்போடு சேரும்.) அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-இல் தொடங்கியது, அக்காலத்து மடிக்கணினிகளையும் பல வீட்டுப் பரண்களில் காண்கிறோம். பேட்டரி உப்பியிருந்தால் அதனைப் பரண் வெப்பத்தில் வைத்திருப்பது தீவிபத்துக்கு வழி. அமுக்கிப் பார்க்காமல், பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துக் கழற்றிவிடுங்கள்.

விற்பவர் குறையைச் சொல்லியே விற்க வேண்டும். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. பேட்டரி இருபது நிமிடமே நிற்கும் என்பதும், மூடியின் கீல் தளர்ந்திருக்கிறது என்பதும், விண்டோஸ் 11 ஏற்காது என்பதும் ஈரமான தானியமே. சென்னை ரிச்சி தெருவில் விற்றாலும், பக்கத்து வீட்டாருக்கு விற்றாலும் சட்டம் ஒன்றுதான்.

எதற்கும் உதவாததை என்ன செய்வது? காயலாங்கடைக்குப் போடுவதே வழக்கம். (காயல்பட்டினத்து வணிகர்களால் வந்த பெயர் அது என்பார்கள், நம்மவர் பெயர் அந்தத் தொழிலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது!) ஆனால் பழைய குழாய் மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. செம்புக்காகக் கம்பிகளைத் தெருவோரம் எரிக்கும்போது எழும் நச்சுப்புகையை முதலில் சுவாசிப்பது அங்கு வேலை செய்யும் ஏழைப் பிள்ளைதான். மின்னணுக் கழிவுகளைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வழிசெய்யும் விதிகள் 2023 ஏப்ரல் முதல் நாட்டில் நடைமுறையில் உள்ளன. நாம் விசாரித்தபோது, நகரத்திலிருந்து வண்டி வந்து எடுத்துச் செல்ல, ஓரளவேனும் கழிவு சேர்ந்திருக்க வேண்டும் என்றார்கள். பள்ளிவாசலில் அறிவிப்புச் செய்தோம். இரண்டு ஜும்ஆக்களுக்குள் மதரஸா வராந்தாவில் மூன்று குழாய் மானிட்டர்கள், யு.பி.எஸ். பெட்டிகள், பிரிண்டர்கள், ஒரு கோணிப்பை நிறையக் கம்பிகள் சேர்ந்துவிட்டன. ஊரில் இவ்வளவு இருந்ததா என்று முத்தவல்லியே வியந்தார்.

நமது கணினிக்கு எஸ்.எஸ்.டி. பொருத்தியாயிற்று. இணையக் கம்பியைக் கழற்றிவிட்டோம். தட்டச்சுக்கும், பெரிய வகுப்புப் பிள்ளைகள் தமிழ் விசைப்பலகை பழகுவதற்கும் அது போதும். இணையம் இல்லாத கணினியைப் பிள்ளைகளிடம் நம்பி ஒப்படைக்கலாம் என்பது, நம் கருத்தில், அதன் குறையன்று. பைத்துல்மால் கணக்குகள் கடவுச்சொல்லுடன் புதிய கணினிக்கு மாற்றப்பட்டன. பிரதி ஒன்று முத்தவல்லியின் பெட்டகத்தில் இருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்கைப் பூஜ்யங்களால் நிரப்பியபின், ஷஅபான் மாதக் கூட்டத்தில் நிர்வாகிகள் முன்னிலையில், நம் மாணவர் துளைபோடும் இயந்திரத்தால் மூன்று இடங்களில் துளைத்தார். அதுவும் கழிவு வண்டியில் ஏறியது.