எதிர்த் திண்ணை

குன்றக்குடிக்காரனுக்கு மேடை என்றால் தனிப் பெருமை. பட்டிமன்றத்தை ஊர்ப் பொதுமேடைக்குக் கொண்டுவந்ததில் எங்கள் அடிகளாருக்குப் பெரிய பங்குண்டு. அந்த மிதப்பில்தான் நாலைந்து பேர் சேர்ந்து, மாதம் ஒரு ஞாயிறு எங்கள் தெருத் திண்ணையில் கதை சொல்லும் கூட்டம் ஆரம்பித்தோம். யாரும் வரலாம், எதையும் சொல்லலாம் என்று நோட்டீஸ் ஒட்டினோம்.

ஒரு மாதம், இந்திரன் 1982இல் கொண்டுவந்த 'அறைக்குள் வந்த ஆப்பிரிக்க வானம்' தொகுப்பிலிருந்து வாசித்தோம். பேச்சு அமெரிக்கக் கறுப்பர்கள் பக்கம் போனது. பிளாக் பேந்தர்களின் பெயரைப் பார்த்துத்தான் 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் பெயர் வைத்துக்கொண்டார்கள் என்று நான் அளந்துகொண்டிருந்தேன். இரண்டு பேருக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான். கறுப்புக் குரல்களை இன்னும் நிறைய வாசிப்பது என்று முடிவாயிற்று.

மறுநாள் ஜெராக்ஸ் கடையில் ஒரு காலனிப் பையன் கேட்டான்: "நோட்டீஸ எங்க பக்கம் ஒட்டவே இல்லியேண்ணே?"

ஒன்றரை வருஷம். மூன்று தெரு தள்ளித்தான் காலனி.

எங்கள் வயலில் நாற்று நட்ட ஒரு பாட்டி அங்கே இருக்கிறார். கதையில் கெட்டிக்காரி. எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள்கூட அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடும். அன்றைக்கு "ஆத்தா" என்றேன். எனக்கே நாக்கு கூசியது.

"அந்தத் திண்ணைக்கு எதுக்கச் செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு நடந்தவ நானு. அங்கன வந்து குந்திக்கிட்டு என்னத்தத் தம்பி கதை சொல்ல?"

சிவகங்கை அப்போது ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1930 டிசம்பரில் அந்த மாவட்டத்தில் ஆதிதிராவிடர்மேல் சுமத்தப்பட்ட எட்டுத் தடைகளை ஹட்டன் எழுதிவைத்திருக்கிறார். தங்கம், வெள்ளி அணியக் கூடாது. சட்டை போடக் கூடாது. மண் ஏனம் தவிர வேறு கூடாது. பெண்கள் பூ வைக்கக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. கல்லூரியில் இதைப் படித்து அடிக்கோடு போட்டவன் நான். அந்தச் செருப்பைக் கையில் தூக்கியவர் எங்கள் வயலில்தான் நின்றிருக்கிறார்.

அடுத்த கூட்டத்தைக் காலனிச் சமுதாயக் கூடத்துக்கு மாற்றினோம். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு அன்று பார்த்து வேலை வந்துவிட்டது.

ஆத்தா சொன்னது ஒரு பேய்க் கல்யாணக் கதை. மாப்பிள்ளைப் பேய் செட்டிநாட்டுச் சீர் கேட்கிறது. முந்நூறு எவர்சில்வர் அண்டா, ஒவ்வோர் அண்டாவுக்கும் ஒரு கரண்டி, கரண்டியைப் பிடிக்க ஒரு கை! பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தன. முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை.

கதை முடிந்ததும் எங்கள் நண்பர் ஒருவர் மெல்ல, "ஒங்க கஷ்டத்தப் பத்தியும் ஏதாவது சொன்னா நல்லாருக்கும்" என்றார். பாமாவின் 'கருக்கு' படித்தவர்தான். அதில் எத்தனை விளையாட்டும் கேலியும் இருக்கிறது என்பது மட்டும் மறந்துபோயிருந்தது போல. அவரைச் சொல்வானேன், எனக்கும் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

ஆத்தா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "அத ஒங்க வீட்டுப் பெரியவுகள்ட்டக் கேளுங்க. அவுகளுக்குத்தான் முழுசாத் தெரியும்."

அன்று ராத்திரி அப்பத்தாவிடம் கேட்டேன். "அதெல்லாம் இப்ப எதுக்குடா?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது.

அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறித்தது காலனிப் பிள்ளைகள். கதை சொல்பவர் என்று என் பெயரைப் போட்டிருக்கிறார்கள்.