ஆவணி, புரட்டாசி: சர்வர் அறைக் குறிப்புகள்

2024 செப்டம்பர் 3, செவ்வாய்

காப்பீட்டு மேசையிலிருந்து விடிந்ததும் போன். நள்ளிரவுக்குப் பிறகு ஒரு அப்ரூவல் கோரிக்கைகூடப் போகவில்லை. பில்லிங் மென்பொருளின் லாக்கைத் திறந்தால் பக்கம் பக்கமாக ஒரே வரி: பாதுகாப்பான டிஎல்எஸ் இணைப்பை உருவாக்க முடியவில்லை. காப்பீட்டு நிறுவனம் தன் பக்கத்தில் டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் மூடிவிட்டது. மூடியது சரிதான். அவை இரண்டையும் இனிப் பயன்படுத்தக் கூடாது என்று 2021 மார்ச்சிலேயே ஆர்எஃப்சி 8996 சொல்லிவிட்டது. முன்னறிவிப்பு மென்பொருள் கொடுத்தவர்களுக்குப் போயிருக்கிறது. அவர்கள் அதை எங்களுக்கு அனுப்பவில்லை.

மதியம் அவர்களுடைய உதவி மையத்தில் கிடைத்த பதில்: "டாட்நெட் 4.8 போட்டுடுங்க சார், சரியாயிடும்."

இன்று தொடங்கி நடப்பதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைக்கிறேன். இந்தச் சர்வரில் 2014-இல் யார் எதை நிறுவினார்கள், எதை அணைத்தார்கள் என்பதற்கு இந்த ஆஸ்பத்திரியில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. எனக்குப் பின்னால் இந்த நாற்காலிக்கு வருகிறவர் அப்படித் தவிக்கக் கூடாது.

செப்டம்பர் 4, புதன்

4.8 நிறுவி ஓட மறுத்துவிட்டது. கேபி 2919355 இல்லையாம்.

எங்களிடம் இருப்பது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. 2013-இல் வெளிவந்த முதல் வட்டிலிருந்து நிறுவி, அப்டேட்டை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஃபயர்வாலிலும் காப்பீட்டு முகவரி ஒன்றைத் தவிர வெளியே போக வழியில்லை. 'ஓடுற மிஷினைத் தொடாதே' என்பது இங்கே பழைய விதி. இருபத்துநான்கு மணி நேரமும் நோயாளி வந்துகொண்டிருக்கும் இடத்தில் அந்த விதி ஏன் பிறந்தது என்பது எனக்குப் புரிகிறது. அதற்கான விலைதான் இப்போது மொத்தமாக வந்து நிற்கிறது.

2919355 என்பது 2014 ஏப்ரலில் வந்த பெரிய தொகுப்பு. அதற்குப் பின் வந்த எல்லா அப்டேட்டுக்கும் அதுதான் அடித்தளம். அதைப் போடுவதற்கு முன் 2919442 இருக்க வேண்டும். அது இல்லாமல் தொடங்கினால் "இந்தப் புதுப்பிப்பு உங்கள் கணினிக்குப் பொருந்தாது" என்கிறது. இந்தச் செய்தி எத்தனை பேரைத் திசைதிருப்பியிருக்கும்! பொருந்தாதது அல்ல விஷயம், முந்தையது வரவில்லை என்பதுதான். அதை அப்படியே சொல்லியிருக்கலாம். 2919355-க்குப் பின்னாலும் 2932046, 2959977, 2937592, 2938439, 2934018 என்று வால் நீள்கிறது. வரிசை மாறக் கூடாது. எல்லாவற்றையும் வேறொரு கணினியில் இறக்கி பென்டிரைவில் ஏற்றிக்கொண்டேன்.

செப்டம்பர் 5, வியாழன்

முழு பேக்கப் எடுத்தாயிற்று. லேப் ப்ரோகிராமும் இதே சர்வரில்தான் ஓடுகிறது. ரீஸ்டார்ட்டுக்கு நேரம் கேட்டால் லேப்காரர்கள் பில்லிங்கைக் காட்டுகிறார்கள், பில்லிங்காரர்கள் லேபைக் காட்டுகிறார்கள்.

செப்டம்பர் 7, சனி. விநாயகர் சதுர்த்தி

புறநோயாளி பிரிவு இன்று விடுமுறை. இரவு பதினொன்றிலிருந்து நான்கு மணி நேரம் கொடுத்தார்கள்.

அப்டேட்டைப் போட்டு ரீஸ்டார்ட் கொடுத்ததும் திரையில் சதவீதம் ஏறத் தொடங்கியது. கணினியை அணைக்காதீர்கள் என்ற எழுத்து. முப்பதைத் தாண்டியதும் நின்றுவிட்டது. டிஸ்க் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருந்தது. அது மினுக்கும்வரை தொடக் கூடாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தாலும் வயிறு கலங்குகிறது. அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து நர்ஸ் ஒருவர் வந்து, "தம்பி, பொட்டாசியம் ரிப்போர்ட்டைக் கையில எழுதி வாங்கிக்கிட்டோம், நீங்க பதட்டப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கேட்காமலேயே வந்து சொன்னார். அந்தப் பத்து நிமிடத்தில் எனக்குத் தேவைப்பட்டது அதுதான்.

ஒரு மணி தாண்டி எழுந்து வந்தது. மீதமுள்ளவற்றையும் வரிசையாகப் போட்டு 4.8-ஐ ஓட்டினால் புதிய தடை: நம்பகமான மூலச் சான்றிதழ்வரை சங்கிலியைக் கட்ட முடியவில்லை. வெளியுலகத்தோடு பேசாத சர்வர் என்பதால் மைக்ரோசாஃப்ட்டின் 2011 மூலச் சான்றிதழ் அதனிடம் இல்லை. விண்டோஸ் தானாக இறக்கிக்கொள்ள வேண்டியதை நான் வேறொரு கணினியிலிருந்து எடுத்து, நம்பகமான மூலங்களின் பட்டியலில் கையால் சேர்த்தேன். பிறகு நிறுவல் முடிந்தது. ரிஜிஸ்ட்ரியில் ரிலீஸ் மதிப்பு 528049. 4.8 தான், சந்தேகமில்லை.

ப்ராசஸர் அரை மணி நேரம் உச்சத்தில் கிடந்தது. புதிய ஃப்ரேம்வொர்க் வந்ததும் தன் நூலகங்களையெல்லாம் இந்த இயந்திரத்துக்கு ஏற்றபடி மறுபடி தொகுத்துக்கொள்ளும். அது முடியும்வரை காத்திருந்துவிட்டுத்தான் லேபைத் திறக்கச் சொன்னேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

அதே பிழை. ஒரு எழுத்துகூட மாறவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

காப்பீட்டு மேசை அக்கா இந்த ஒரு வாரமாக ஒவ்வொரு கோரிக்கையையும் காப்பீட்டு நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் கையால் நிரப்புகிறார். ஸ்கேன், டாக்டர் குறிப்பு, மருந்துப் பட்டியல் எல்லாவற்றையும் தனித்தனியாக ஏற்ற வேண்டும். முன்பு ஒரு பொத்தானில் முடிந்த வேலை. இன்று முட்டி அறுவை சிகிச்சைக்கு வந்த ஒரு பெரியவர் அப்ரூவலுக்காக மாலைவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. மகள் என்னிடம் வந்து, "ஏனுங்க, கம்ப்யூட்டர் எப்பங்க சரியாகும்?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. தள்ளிவைத்த அறுவை சிகிச்சை நாளைக்காம்.

கிளம்பும்போது அக்கா கூப்பிட்டார். "தம்பி, அவசரத்துக்கு உங்க சர்வர்லயே உக்காந்து க்ரோம்ல அவங்க பக்கத்தைத் திறந்தேன். நல்லாத் திறக்குது. அப்புறம் மிஷின்ல என்ன கோளாறு?"

நெட்வொர்க் சரியாக இருக்கிறது என்பதற்கு அது ஆதாரம் என்று சொன்னேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

மென்பொருளை எழுதியவர் அந்த நிறுவனத்தை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகிறது. பழைய அக்கவுண்டன்ட் வழியாக எண் கிடைத்தது. தயங்கித்தான் கூப்பிட்டேன்.

"அந்த ப்ரோகிராம் இன்னுமா சார் ஓடுது?" என்றார். குரலில் சந்தோஷமும் இருந்தது, பயமும் இருந்தது. அவர் அதை எழுதியது டாட்நெட் 4.0-ஐ இலக்காக வைத்து. 4.8 என்பது 4.0-க்குப் பக்கத்தில் உட்காருவதில்லை, அதன் இடத்தையே எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் பழைய ப்ரோகிராமைக் குழப்பக் கூடாது என்பதற்காக, அது எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டதோ அந்தப் பதிப்பின் பழக்கங்களோடே அதை ஓட விடுகிறது. 4.0-இன் பழக்கம் டிஎல்எஸ் 1.0. ஆக, புதியதைப் போட்டதால் மட்டும் எதுவும் மாறாது. இதை உதவி மையம் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

மாற்ற இரண்டு வழி. மூல நிரலை 4.7 அல்லது அதற்கு மேல் இலக்கு வைத்து மறுபடி தொகுக்கலாம். அந்த நிரல் இப்போது யாரிடம் இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. இன்னொன்று, ரிஜிஸ்ட்ரியில் 'யூஸ் ஸ்ட்ராங் கிரிப்டோ' என்று முடியும் மதிப்பையும் 'சிஸ்டம் டிஃபால்ட் டிஎல்எஸ் வெர்ஷன்ஸ்' மதிப்பையும் 1 ஆக்குவது. "நம்ம சர்வீஸ் 32-பிட் சார். வாவ்6432நோட் கிளையிலயும் போடணும். நிறைய பேர் அங்கதான் விட்டுடுவாங்க."

வைக்கும் முன் ஒன்று சொன்னார். "ஃப்ரேம்வொர்க்கை மாத்துறது டிரைவரை மாத்துற மாதிரிதான் சார். வண்டி அதேதான்."

சம்பந்தமில்லாத ஒருவர் வேலை நேரத்தில் எனக்காக முக்கால் மணி நேரம் பேசினார். பணம் கொடுத்து வாங்கிய உதவி மையத்தில் இதில் பத்தில் ஒரு பங்கு பொறுமை கிடைத்ததில்லை.

செப்டம்பர் 14, சனி

இரண்டு கிளையிலும் மதிப்புகளைப் போட்டு சர்வீஸை மறுபடி எழுப்பினேன். பிழை மாறியது! இப்போது சிஸ்டம் லாக்கில் எஸ்சானல் நிகழ்வு 36887, மறுமுனையிலிருந்து அலர்ட் 40. கைகுலுக்கல் தோல்வி என்று பொருள். டிஎல்எஸ் 1.2 பேசத் தொடங்கிவிட்டது, மறுமுனை கேட்டுவிட்டு மறுக்கிறது. அக்காவிடம் ஓடிப்போய் சொன்னேன். "அப்போ போகுதா?" என்றார். இன்னும் இல்லை.

செப்டம்பர் 15

எதுவும் எழுதத் தோன்றவில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

என் மடிக்கணினியிலிருந்து ஓப்பன்எஸ்எஸ்எல் வைத்து மறுமுனை எந்தெந்த சைஃபரை ஏற்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன். ஈசிடிஎச்இ-ஆர்எஸ்ஏ, அதுவும் ஜிசிஎம்மோடு மட்டும். பழைய சிபிசி எல்லாவற்றையும் மூடியிருக்கிறார்கள்.

2012 ஆர்2-இல் ஈசிடிஎச்இ-ஆர்எஸ்ஏ இருக்கிறது, ஆனால் சிபிசியோடுதான். ஜிசிஎம்மோடு சேர்ந்த கூட்டு சர்வர் 2016-இல் இருக்கிறது, இதில் இல்லை. 2012 ஆர்2-க்கு அதைத் தரும் அப்டேட்டும் கிடையாது. டாட்நெட் ஃப்ரேம்வொர்க் டிஎல்எஸ்ஸைத் தானாகச் செய்வதில்லை, விண்டோஸின் எஸ்சானலிடம் ஒப்படைக்கிறது. எஸ்சானலுக்குத் தெரியாததை எந்த 4.8-உம் பேசாது. க்ரோம் தன் சைஃபர்களைத் தன்னோடே கொண்டுவருகிறது, விண்டோஸைக் கேட்பதில்லை. அதனால்தான் அதே சர்வரில் அந்தப் பக்கம் திறந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் திறந்து பார்த்தேன், திறக்கவில்லை.

மாலை முழுக்க சர்வர் அறையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

நிர்வாகம் புதிய சர்வருக்கு ஒப்புக்கொண்டது, விண்டோஸ் சர்வர் 2022. சோதனைக்கு ஒன்றை நிறுவிப் பார்த்தேன். பில்லிங் ஓடுகிறது, அதே ரிஜிஸ்ட்ரி மதிப்புகளைப் போட்டதும் இணைப்பு முதல் முயற்சியிலேயே போகிறது. லேப் அனலைசரோடு பேசும் ப்ரோகிராம்தான் டாட்நெட் 3.5 கேட்கிறது. 3.5-ஐச் சேர்க்கப் போனால் 0எக்ஸ்800எஃப்081எஃப். மூலக் கோப்புகள் இல்லை. 2012 காலத்திலிருந்தே 3.5-இன் கோப்புகளை விண்டோஸ் தன் டிஸ்க்கில் வைத்திருப்பதில்லை, கேட்கும்போது இணையத்திலிருந்து எடுக்கும். இணையம் இல்லாத சர்வரில் வட்டின் சோர்சஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் எஸ்எக்ஸ்எஸ்-ஐக் காட்ட வேண்டும். அதே 2022 வட்டாக இருக்க வேண்டும், 2019 வட்டைக் காட்டினால் ஏற்காது.

காட்டினேன், 3.5 ஏறியது. ஆனால் லேப் ப்ரோகிராமின் லைசென்ஸ் பழைய மதர்போர்டின் எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது. அதைக் கொடுத்த நிறுவனம் இப்போது இல்லை.

அக்டோபர் 4, வெள்ளி

பில்லிங்கைப் புதிய சர்வருக்கு மாற்ற, தரவு மாற்றம், சோதனை, ஒப்பந்தம் என்று தை மாதம் ஆகும் என்கிறார்கள். அதுவரை அக்கா கையால் நிரப்பிக்கொண்டிருக்க முடியாது.

சும்மா கிடந்த சிறிய கணினியில் உபுண்டு போட்டு என்ஜினெக்ஸ் வைத்தேன். பழைய சர்வரிலிருந்து அதற்கு நேரடிக் கேபிள், நடுவில் ஸ்விட்ச் இல்லை. அந்தக் கேபிளில் தரவு குறியாக்கம் இல்லாமல்தான் போகிறது. சர்வர் அறைப் பூட்டுக்குள் இருக்கிறது என்பதால் ஏற்றுக்கொண்டோம், நிர்வாகத்திடம் எழுத்தில் சொல்லிக் கையெழுத்தும் வாங்கினேன். வெளியே போகும் டிஎல்எஸ்ஸை என்ஜினெக்ஸ் பேசுகிறது. மறுமுனைக்குப் பெயரைச் சொல்லும் எஸ்என்ஐ, மறுமுனையின் சான்றிதழைச் சரிபார்ப்பது, இரண்டும் ப்ராக்ஸியில் இயல்பாக அணைந்தே இருக்கும். இரண்டையும் எழுப்பினேன்.

பதினொன்றரைக்கு முதல் கோரிக்கை போனது. அப்ரூவல் எண் திரும்பி வந்தது. அக்கா எதுவும் சொல்லாமல் டிராயரிலிருந்து கடலைமிட்டாய் எடுத்துக் கொடுத்தார்.

அக்டோபர் 10, வியாழன்

2012 ஆர்2-க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு முடிந்து இன்றோடு ஓராண்டு. பணம் கட்டி வாங்கும் நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13-இல் முடியும். ஆயுத பூஜைக்காக மாலை ரேக்கைத் துடைத்தோம்.

அக்டோபர் 16, புதன்

சர்வர்களின் வரலாற்றை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். எந்த வட்டு, எந்த கேபி எந்த வரிசையில், எந்த ரிஜிஸ்ட்ரி மதிப்பு, ஏன், யார் சொல்லி. நோட்டு சர்வர் அறையிலேயே இருக்கும்.

லேப் ப்ரோகிராம் இன்னும் பழைய இயந்திரத்தில்தான் ஓடுகிறது. மாற்றுக்கு விலை கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை. 3.5-க்கான ஆதரவு 2029 ஜனவரி 9 வரை இருக்கிறது. அந்த மதர்போர்டு அதுவரை தாங்குமா என்பது வேறு கேள்வி.

2012 ஆர்2-ஐ இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் ஆஸ்பத்திரிகளும் ஆலைகளும் இந்த ஊரிலேயே இருக்கின்றன. உங்களிடமும் யாராவது "4.8 போடுங்க" என்று சொன்னால், ரீஸ்டார்ட்டுக்கு இரவு நேரம் கேட்பதற்கு முன்னால் மறுமுனை எந்த சைஃபரை ஏற்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.