காப்பித் தோட்டத்து எறும்பு

எறும்பைச் சுறுசுறுப்புக்கு எடுத்துக்காட்டாகக் கூறுதல் மரபு. ஆநிரை காப்பது போன்றதொரு தொழிலும் அதற்கு உண்டு என்பதைப் பலர் அறியார்.

மெக்சிகோ நாட்டின் தென்கோடியில் சியாப்பாஸ் என்னும் மாநிலம் உள்ளது. அங்கு மலைச்சரிவுகளில், நிழல் மரங்களின்கீழ்க் காப்பிச் செடிகள் வளர்கின்றன. அம்மரங்களில் அஸ்டெக்கா என்னும் எறும்பு கூடு கட்டுகிறது. காப்பி இலைகளில் பச்சைச் செதிற்பூச்சிகள் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சுகின்றன. உண்டது போக எஞ்சிய இனிப்பைத் தேன்போற் கசியவிடுகின்றன. அதனை அருந்தும் எறும்பு, கைம்மாறாக, செதிற்பூச்சியின் உடலில் முட்டையிட வரும் சிறு குளவிகளைத் துரத்துகிறது.

இதனைக் கண்ட உழவன் என் செய்வான்? மரங்களை வெட்டி, வெயிலிலேயே காப்பி பயிரிட எண்ணக்கூடும். மரம் போனால் கூடும் போகும் என்பது மெய்யே. ஆயினும், கணக்கு அத்துணை எளிதன்று. காப்பிக்குப் பெரும்பகை, கொட்டையைத் துளைத்துள் வாழும் சிறு வண்டு. பழத்தை நாடிவரும் அவ்வண்டை இவ்வெறும்பு தாக்கி விலக்குகிறது.

செதிற்பூச்சியைத் தின்னும் பொறிவண்டு ஒன்றும் அங்கு உண்டு. அதன் புழு மெழுகிழைகளைப் போர்த்திருப்பதால் எறும்பின் கடிக்குத் தப்புகிறது. அப்புழுவைக் கொல்ல வரும் குளவிகளையோ எறும்பே ஓட்டிவிடுகிறது! தன் நிரையைத் தின்னும் பகைக்குத் தானே காவலாகிறது, பேதைமைதான்.

மிச்சிகன் பல்கலைக்கழக அறிஞர்களான இவெட் பெர்பெக்தோவும் ஜான் வாண்டர்மீரும் பல்லாண்டுகள் ஆராய்ந்து கண்டவை இவை. 45 எக்டேர் நிலத்தில் மரந்தோறும் ஆராய்ந்தபோது, மிகச் சில மரங்களிலேயே அஸ்டெக்காவின் கூடுகள் இருந்தன. அச்சில மரங்களைச் சூழ்ந்த செடிகளில் வளர்ந்த பொறிவண்டுகளே, சிறகு முளைத்தபின் பறந்து சென்று, தோட்டத்தின் பிற பகுதிகளிலுள்ள செதிற்பூச்சிகளையும் தின்கின்றன.