களையறிந்து களைதல்

தமிழில் 'களை' என்னும் சொல் விந்தையானது. பயிரிடையே வேண்டாது முளைப்பதும் களை. அதனை அகற்றும் வினையும் களைதல். முகத்தில் பொலியும் அழகும் களையே. ஒரே செடி ஓரூரில் முதற்பொருளையும் மற்றோரூரில் மூன்றாம் பொருளையும் பெறக்கூடும் என்பதை நான் அறிந்தது அண்மையில்தான்.

எம் கல்லூரியில் வணிகவியல் பயின்று, பகுதி ஒன்று தமிழை என்னிடம் கற்ற மாணவர் ஒருவர் இன்று ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் பணிபுரிகிறார். அவர் ஒரு புல்லின் படத்தை அலைபேசியில் அனுப்பி, "ஐயா, இதற்குத் தமிழில் பெயருண்டா? இங்கே இதைப் பெரும்பகை என்கிறார்கள்" என்று வினவியிருந்தார். நரிவால்போல் திரண்ட கதிர். அடியில் தூர்கட்டிய தாள்கள். பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. நம் கொழுக்கட்டைப் புல்! காங்கேயம் பகுதியின் கொறங்காடுகளில் கிளுவை வேலிக்குள்ளே, வெள்வேல மரத்தடியில் தழைத்து, காங்கேயம் மாடுகளை வளர்த்தெடுக்கும் புல் அதுவே. அங்கே அது பகையன்று, குடியானவரின் முதல்.

கடல் கடந்த கதை வேறாயிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியப் பாலையில் சுமை கடத்த ஒட்டகங்களோடு முஸ்லிம் பாகர்கள் அழைத்துச் செல்லப்பட்டனர். பல நாட்டினராயினும் 'அப்கானியர்' என்றே அங்கு அவர்கள் அழைக்கப்பட்டனர். ஒட்டகச் சேணங்களில் திணித்திருந்த புல்லோடு விதை இறங்கியது என்பது அங்கே வழங்கும் வரலாறு. ஆயினும் பழியை அவ்வேழைகள்மேல் ஏற்றுதல் முறையாகாது. பின்னாளில் மேய்ச்சலுக்கென்றும் புழுதியடக்கவென்றும் வேண்டுமென்றே விதைத்தவர்களால்தான் அது பரவியது. 2015-இல் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலம் அதனைக் களையென அறிவித்தது. அமெரிக்காவின் அரிசோனாவிலும் இதே நிகழ்ச்சி. மண்ணரிப்பைத் தடுக்கவும் மேய்ச்சலுக்காகவும் 1930-களில் விதைத்த புல், நூறாண்டுக்கு மேல் வாழும் சகுவாரோக் கள்ளிகளுக்கு எமனாய் முடிந்தது.

புல் எங்ஙனம் மரத்தைக் கொல்லும்? பாலைநிலத்துச் செடிகள் ஒன்றுக்கொன்று எட்டி நிற்பவை, இடையே வெறுமண். ஆதலின் ஒன்றில் பற்றிய தீ மற்றொன்றை எளிதில் எட்டாது. இப்புல் அவ்விடைவெளியை நிரப்பிவிடுகிறது. கோடையில் காய்ந்து தீப்பற்றினால் நாட்டுச் செடிகள் கருகிப்போகும். புல்லோ தூரிலிருந்து மீண்டும் துளிர்க்கும். எரித்து அழிக்கலாம் என்பார் அதனை வளர்க்கவே செய்வர்.

அரிசோனாவில் தன்னார்வலர்கள் கடப்பாரை கொண்டு தூரோடு பெயர்க்கிறார்கள். மருந்து தெளிப்போரும் உளர். ஆனால் மழைக்குப்பின் புல் பச்சையாயிருக்கும் சில வாரங்களில் தெளித்தால்தான் மருந்து வேரை எட்டும். காய்ந்த புல்லில் தெளிப்பது வீண். மண்ணில் தங்கிய விதை சில ஆண்டுகள் உயிரோடிருக்குமாதலால், பெயர்த்த இடத்திற்கே ஆண்டுதோறும் மீண்டும் போகவேண்டும்.

இவற்றைப் படித்தபோது எனக்குப் புதுமையாய்த் தோன்றவில்லை. கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். கல்வராயன் மலையடிவாரம் நோக்கிச் செல்லும் வழியில் எங்களுக்குச் சிறிது புன்செய் உண்டு. அத்தா உயிரோடிருந்த காலத்தில் களையெடுக்க வரும் பெண்களுக்குத் தலைவியாயிருந்த மூதாட்டி சொல்வார்: "தம்பி, பூ விட்டப்புறம் புடுங்குறது, புடுங்குறதில்ல; வெதைக்கிறது." வள்ளுவர் உழவு அதிகாரத்தில் எருவிடுதலுக்கும் நீருக்கும் நடுவே களையெடுப்பை வைத்ததன் நுட்பம் வகுப்பறையைவிட அவ்வரப்பில்தான் எனக்குப் புலப்பட்டது.

அம்மூதாட்டியின் களைக்கொத்து எல்லாவற்றையும் வெட்டியதில்லை. கோரையைக் கிழங்கோடு அகழும். அருகைக் கணுவோடு இழுத்து வரப்பில் காயப்போடும். பண்ணைக்கீரையும் சாரணையும் தொய்யக்கீரையும் மடிக்குப் போகும். கூலி முடிந்து திரும்பும்போது இரவுக் குழம்பும் உடன் போயிற்று. வரப்பில் நின்ற கொழுக்கட்டைப் புல்லை ஒருவரும் தொடவில்லை, அது மாட்டுக்கு.

இன்று அந்நிலத்தில் குத்தகைக்காரர் மானாவாரி மக்காச்சோளம் விதைக்கிறார். விதைத்த மூன்றாம் நாள் ஈரமண்ணில் அட்ரசின் தெளிக்கிறார். மக்காச்சோளம் அந்நஞ்சைத் தன்னுள் சிதைத்துப் பிழைத்துக்கொள்ளும்; கீரைகளுக்கு அவ்வாற்றல் இல்லை. நிலத்தடி நீரைக் கருதி ஐரோப்பிய ஒன்றியம் அம்மருந்தை 2004-இல் விலக்கியதை அவரிடம் சொன்னேன். "ஐரோப்பாவுல களையெடுக்கற ஆளுக்கு யாருங்க கூலி குடுக்கறது?" என்றார். அவர் கேள்வி நியாயமானதே. விளைச்சலில் கிடைப்பது கூலிக்கே போய்விடுமாயின் அவர் எதை உண்பார்? எழுத்தும் சொல்லும் கற்பிக்கும் நான் அவருக்கு அறிவுரை சொல்வதில் எனக்கே கூச்சமுண்டு.

எனினும் ஒன்று கேட்டேன். வரப்போரத்தில் நான்கு சால் அளவிற்குத் தெளிக்காமல் விடவேண்டும். அதற்குரிய களைக்கூலியை நான் தருவேன். ஒப்புக்கொண்டார். சென்ற ஐப்பசியில் பெண்கள் மூவர் வந்தனர். பார்த்தீனியத்தை மட்டும் கையுறையணிந்து, பூக்குமுன் பிடுங்கச் சொன்னேன். அதன் அரிப்பு நாளெல்லாம் தொல்லை தரும். கோரையை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். மூவரில் இளையவளுக்குத் தொய்யக்கீரை எதுவென்று தெரியவில்லை, மற்றவர்கள் காட்டிக்கொடுத்தார்கள். தூதுபோல வந்த அப்படத்திற்கு விடையாக, வரப்பில் நின்ற கொழுக்கட்டைப் புல்லைப் படமெடுத்து அடிலெய்டுக்கு அனுப்பினேன்.

மலையடிவாரத்தில் தீவனத்துக்கென ஆப்பிரிக்கக் கினிப்புல் நடுவோர்க்கும் ஒரு சொல். நடுக, ஆனால் பூக்கவிடாமல் அறுத்துவருக. ஹவாய்த் தீவுகளில் கைவிடப்பட்ட கரும்புத் தோட்டங்களில் பரவிய கினிப்புல்லும் அதன் இனப் புற்களும் 2023 ஆகஸ்டில் லகைனா நகரை எரித்த தீக்கு விறகாயின.

அவ்வரப்பையும் உழுது நிலத்தோடு சேர்த்தால் இன்னும் இரண்டு சால் மக்காச்சோளம் வரும் என்கிறார் குத்தகைக்காரர். புரட்டாசிக்குள் அவருக்கு விடை சொல்லியாக வேண்டும்.