குறியும் துணைக்கருவிகளும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியராகிய எம்மிடம் இலக்கியப் பொருளொன்றையே எதிர்பார்த்திருப்பர். யாமோ தொழிற்சாலைக் கருவிகளைப் பற்றி எழுதத் துணிந்தோம். பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழோடு இலக்கணம் கற்பிக்கும் ஒருவருக்கு இத்துறையில் என்ன அலுவல் என அன்பர் சிலர் நகைத்தல் கூடும். அலுவல் உண்டு. அது எம் தந்தையாரின் எருதொன்றிலிருந்து தொடங்குகின்றது.

யாம் பிறந்த ஊர் திரியாய். திருகோணமலை நகருக்கு வடக்கே, குச்சவெளியையும் கடந்து சென்றால், வயலும் குளமும் காடுமாக விரியும் பழம்பதி அது. அங்கே வேளாண்மையும் மாடும் இணைபிரியாதவை. மாடுகளைக் காட்டில் மேயவிடும் பட்டிக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு குறி உண்டு. அக்குறி அமைந்த இரும்பைத் தீயிற் காய்ச்சி மாட்டின் தொடையில் இடுவதே குறிசுடுதல். அன்று அயற்பட்டிக்காரரும் வந்து கூடுவர். தீ மூட்டுவார் ஒருவர். கயிறு பிடிப்பார் இருவர். கண்டு நிற்பார் பலர். இன்ன குறி இன்னாருடையது என்பது ஏட்டிலும் இருக்கும். ஊரார் நெஞ்சிலும் இருக்கும்.

1985ஆம் ஆண்டு வன்செயலில் திரியாய் எரிந்தது. ஊரவர் உடுத்த உடையோடு வெளியேறினர். அப்பொழுது எமக்கு வயது ஐந்து. பட்டி காட்டோடு நின்றுவிட்டது. சில மாதங்களின் பின், நகருக்கு அண்மையில் எருதொன்றைத் தந்தையார் கண்டார். அதன் தொடையில் இருந்தது அவருடைய குறி. அதனை வைத்திருந்தவர், தாம் விலை கொடுத்து வாங்கியதாகக் கூறினார். அது பொய்யாகவும் இருந்திராது. தந்தையாரின் குறியிரும்பு வீட்டோடு போயிற்று. மாட்டுச் சீட்டு எரிந்து போயிற்று. சாட்சி சொல்லத்தக்க அயலவர் எத்திசையில் இருந்தனர் என்பதும் தெரியாது. எருதின் முதுகைத் தடவிவிட்டு அவர் திரும்பினார். பின்னாளில் எம்மிடம் ஒருமுறை மாத்திரம் இதனைச் சொன்னார்: "குறி மாட்டில இருந்தது தம்பி. அதைச் சொல்லுறதுக்கு ஊர் இல்லாமப் போச்சு."

இச்சொல்லின் முழுப்பொருளை யாம் உணர்ந்தது, ஈராண்டுகளுக்கு முன், கொழும்பை அடுத்த ஆடைக் களஞ்சியம் ஒன்றிலே. எம்மிடம் தமிழ் கற்ற மாணவர் ஒருவர் அங்கே பொறுப்பாளராக இருக்கின்றார். வானொலி அலையால் அடையாளங் காணும் முறையை அவர் எமக்குக் காட்டினார். ஆர்.எஃப்.ஐ.டி. என்று அதனை அழைப்பர். ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டியுள்ள வில்லையில் நெல்மணியினும் மிகச் சிறிய சில்லு ஒன்றும், மெல்லிய உலோக இழையாலான அன்ரனாவும் உள. அவ்வில்லையிற் பற்றறி இல்லை. வாசிப்பான் என்னும் கருவி அனுப்பும் அலையிலிருந்தே வலுவைப் பெற்றுத் தன் எண்ணை விடையாகத் திருப்புகின்றது. இவ்வகை வில்லைகளுக்குரிய அலைகள் 860 முதல் 960 மெகாஹேட்ஸ் வரையானவை. சில மீற்றர் தூரத்திலிருந்தே வாசிக்கலாம்.

"வில்லையும் வாசிப்பானும் போதுமே, வாசலில் இத்தனை கருவிகள் எதற்கு?" என வினவினோம்.

"சேர், அந்த இரண்டும் மட்டும் இருந்தால் எண் தெரியும், நடந்தது தெரியாது" என்றார் அவர்.

பின்னர் ஒவ்வொன்றாக விளக்கினார். வாசலின் உட்புறம் ஓர் ஒளிக்கண், வெளிப்புறம் ஓர் ஒளிக்கண். பெட்டி எதனை முதலில் மறைக்கின்றதோ அதனைக்கொண்டே உள்ளே வந்ததா வெளியே சென்றதா என அறிவர். வாசிப்பானை விழிக்கச் செய்வதும் அவ்வொளிக்கண்ணே. வாசலின் அன்ரனாக்களை வாசிப்பானோடு இணைக்கும் வடம் நீளுந்தோறும் வலுக் குறையுமாதலின், அதனைக் குறுக அமைப்பர். உலோகம் அலையைத் திருப்பும். நீர் அதனை விழுங்கும். ஆதலின் அடுத்த வாசற் பெட்டிகளை இவ்வாசல் தவறி வாசியாதிருக்க மறைப்புத் தட்டிகள் நிறுத்துவர். வில்லையில் எழுத்தை அச்சிடும்போதே சில்லிலும் எண்ணைப் பதித்து, பதிந்ததா என மீள வாசித்துப் பார்க்கும் அச்சுப்பொறியும் உண்டு. கணக்குச் சரியெனிற் பச்சை விளக்கு எரியும். பிழையெனிற் சிவப்பு விளக்கோடு ஊதியும் ஒலிக்கும்.

அவ்வாசலில் முன்பு நேர்ந்த ஒன்றையும் மாணவர் கூறினார். வெளி ஒளிக்கண்ணிற் பஞ்சுத்தூசி படிந்துவிட்டது. எது முன், எது பின் என்று அறியாத பொறி, வெளியே சென்ற பெட்டிகளைச் சென்றனவாகப் பதியவில்லை. கணக்கின்படி பெட்டிகள் உள்ளே இருந்தன. அடுக்குகளோ வெறுமையாய் இருந்தன. வாசலிற் பெட்டி ஏற்றும் தொழிலாளி மீது ஐயம் எழுந்தது. வேலைக்கு வரவேண்டாவென அவரை நிறுத்தினர். லொறிச் சீட்டுகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. "துணியால் துடைக்கிற வேலை, சேர். அதற்குள் இரண்டு நாள் அந்த மனிதர் கள்ளனாக இருந்தார்" என்று மாணவர் தலைகுனிந்தார். எருதின் முதுகைத் தடவி நின்ற தந்தையார் எம் கண்முன் வந்தார்.

இக்கலையின் தொடக்கமும் நம் துறைமுகத்துக்குப் புறம்பானதன்று. 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்க வந்தபொழுது, கரையிலிருந்த றேடார் அவற்றை முன்னதாகவே கண்டது. ஆயின், வருவது ஏதோ விமானம் என்பதன்றி, நட்போ பகையோ என்பது றேடாருக்குத் தெரியாது. அது தெரிதற்பொருட்டே, வினவும் அலைக்கு விடையளிக்கும் கருவிகளை அப்போர்க்காலத்தில் விமானங்களிற் பொருத்தினர். திருப்பியனுப்பும் அலையைக்கொண்டே செய்தி உரைக்கலாமென ஹரி ஸ்ரொக்மன் என்னும் பொறியியலறிஞர் 1948இல் எழுதினார். இன்று உலகின் பல நாடுகளில் மாட்டின் காதிலும் இத்தகைய வில்லை தொங்குகின்றது. அதற்குரிய அலை 134.2 கிலோஹேட்ஸ். அதன் எண் பதினைந்து இலக்கங்களாலானது. முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கலாம். இலங்கைக்குரிய எண் 144. அங்கும் தராசும் ஒடுங்கிய நடைபாதையும் தானே திறக்கும் படலையும் துணை நின்றே அவ்வெண்ணைப் பயன்படுத்துகின்றன.

பொறியியல் கற்கப் புகும் மாணவர்காள், சில்லைக் கண்டு வியப்பது எளிது. ஒளிக்கண்ணைத் துடைப்பவரையும் வடத்தின் நீளம் அளப்பவரையும் சீட்டுகளை ஒப்பிடுபவரையும் மதிக்கப் பழகுங்கள். ஒரு மனிதரின் மானம் அவர்கள் கையில் இருத்தல் கூடும்.

2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தின் பின் திரியாய் மக்கள் சிறிது சிறிதாக ஊர் மீண்டனர். எம் தந்தையாரும் மீண்டார். இரண்டு பசுக்களை வாங்கினார். கொல்லரிடம் சொல்லிப் பழைய குறியையே இரும்பில் அடிப்பித்தார். குறிசுடும் காலை தீ மூண்டு, இரும்பும் சிவந்துவிட்டது. தந்தையாரோ அதனை எடுத்திலர். ஒழுங்கையைப் பார்த்தவாறு நின்றார். "கொஞ்சம் பொறு தம்பி, அயலவை வரட்டும்" என்றார்.