பெரியம்மாவுக்கு ஒரு கலர் குல்லா



நம்ம ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். குல்லா இல்லாத வீடே இங்கே கிடையாது. கடைக்குப் போனால் ஐந்து நிமிடத்தில் வாங்கிவிடலாம். ஆனால் சில தலைகளுக்குக் கடைக் குல்லா சரிப்படாது. அப்படி ஒரு தலைக்கு நான் குல்லா பின்னியதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் பெரியம்மாவுக்குப் புற்றுநோய் சிகிச்சை நடக்கிறது. இரண்டாவது ஊசி போட்டு வந்த பிறகு முடி முழுவதும் கொட்டிவிட்டது. அன்றிலிருந்து வெளியே வருவதையே நிறுத்திட்டாங்க. துணி கட்டினால் வழுக்குது, குரங்குக் குல்லா போட்டால் அரிக்குது. "நான் பின்னித் தரட்டுமா பெரியம்மா?" என்று கேட்டேன். "கருப்பு மட்டும் வேண்டாங்கண்ணு. இருக்கறதுலயே பளிச்சுனு இருக்கற கலரா போடு" என்றார்கள். அடுத்த ஊசிக்கு 21 நாள் இருந்தது. அதற்குள் முடிக்கணும்.

அம்மா ஸ்வெட்டர் பின்னி மிச்சம் வைத்திருந்த பேபி ஊல் வீட்டில் இருந்தது. சிவப்பு, மஞ்சள், மயில் நீலம், இலைப் பச்சை. நாம் பேபி ஊல் என்று சொல்வது பெரும்பாலும் அக்ரிலிக்தான். அது மெதுவாக இருக்கும், முடி இல்லாத தோலை உறுத்தாது.

அம்மாவின் பழைய பின்னல் புத்தகத்தில் ஒரு வைரப் பூ டிசைன் உண்டு. ஆனால் அது தடிமனான ஊலுக்குப் போட்ட கணக்கு. மொத்தம் 96 கண்ணி, ஒரு பூவுக்கு 12 கண்ணி. எங்கள் ஊல் மெல்லிசு. அதனால் முதலில் 9-ஆம் நம்பர் ஊசியில் இரண்டு கலர் சேர்த்து ஒரு சின்னத் துண்டு பின்னிப் பார்த்தேன். இரண்டு கலர் பின்னல் கொஞ்சம் இறுகும், அதனால் ஒரே கலரில் பின்னி அளந்தால் கணக்கு சரியாக வராது. 10 செ.மீ.க்கு 24 கண்ணி வந்தது.

பெரியம்மாவின் தலைச் சுற்றளவு 52 செ.மீ. குல்லா கழன்று விழாமல் நிற்க 5 செ.மீ. குறைச்சலாக இருக்கணும். 47-ஐ 2.4-ஆல் பெருக்கினால் 112.8. 112 என்று வைத்துக்கொண்டேன். ஆனால் 112 பன்னிரண்டால் வகுபடாது! எட்டால் வகுபடும். உடனே கிராஃப் நோட்டை எடுத்து, பூவை 8 கட்டத்துக்குள் சின்னதாக வரைந்தேன். சுற்றி 14 பூ வந்தது. கணக்கு டீச்சர் பார்த்துவிட்டு, "கிராஃப் நோட்டை இதுக்கும் யூஸ் பண்றியா!" என்று சிரித்தார்.

இன்னும் மூன்று மாற்றங்கள் செய்தேன். புத்தகத்தில் இரண்டு ஊசியில் பின்னி பின்னால் தைக்கச் சொல்லியிருந்தது. அந்தத் தையல் படுக்கும்போது குத்தும். அதனால் வட்ட ஊசியில் சுற்றிச் சுற்றிப் பின்னினேன். விளிம்பு 3 செ.மீ. என்று இருந்ததை 6 ஆக்கினேன். முடி இல்லையென்றால் காதிலும் பிடரியிலும்தான் குளிர் முதலில் ஏறும். உள்பக்கம் ஓடும் நூல் நீளமாக இருந்தால் தோடு மாட்டிக்கொள்ளும், அதனால் எந்தக் கலரையும் நாலு கண்ணிக்கு மேல் சும்மா ஓட விடவில்லை.

உச்சியில் 112-ஐ எட்டுப் பங்காகப் பிரித்தேன். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, ஒவ்வொரு பங்கிலும் இரண்டு கண்ணியை ஒன்றாக்கினால் எட்டு எட்டாகக் குறையும். 13 தடவை குறைத்ததும் மிஞ்சியது 8 கண்ணி. அதற்குள் நூலைக் கோத்து இழுத்து முடிந்தேன். பதினெட்டாம் நாள் குல்லா தயார்.

பெரியம்மா போட்டுக்கொண்டு கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்தாங்க. ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் ரேஷன் கடைக்கு அவங்களே போய்விட்டு வந்தாங்க. "அந்தக் கடைக்காரர் எந்தக் கடையில வாங்கினதுன்னு கேக்கறாரு" என்று சொல்லும்போது முகத்தில் பழைய சிரிப்பு இருந்தது. சிகிச்சை இன்னும் முடியவில்லை. மூன்றாவது ஊசிக்கு அந்தக் குல்லாவைப் போட்டுக்கொண்டுதான் கோயம்புத்தூர் பஸ் ஏறினாங்க.

நம் மலையின் தோடர் பெண்கள் படம் எதுவும் வரையாமல் துணியின் இழைகளை எண்ணியே சிவப்பும் கருப்புமாகப் பூ வேலை செய்கிறார்கள். 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எண்ணத் தெரிந்தால் போதும், நாமும் பின்னலாம் தோழிகளே. புத்தகத்தில் இருக்கும் அளவு யாரோ ஒருவருடைய தலைக்குப் போட்டது. நம் வீட்டுத் தலையை நாம்தான் அளந்து பார்க்கணும்.

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி